நொடித்துப்போன பணக்காரர்

ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்து முந்நூற்று ஆறு. கையெழுத்து என்கிறவன் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய வருமான வரி அவ்வளவு. லட்சம் கேட்கிறவர்கள் அந்தக் கடைசி ஆறை விட்டுக்கொடுத்தால் என்ன என்று முதலில் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், கேட்டதில் தன்னால் இன்றைக்கே கட்ட முடிந்தது அந்த ஆறு மட்டும்தான். அதனால் அதன்மேல் கொஞ்சம் பிரியமும் வந்துவிட்டது.

கையெழுத்து என்பது அவன் பெயரல்ல, பட்டம். ஜல்லியும் மணலும் சிமெண்டும் மிஷினில் கொட்டிக் கலந்து, சட்டி சட்டியாகக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுகிற பதினோரு பேர் கொண்ட காங்கிரீட் கேங்கில் அவன் ஒருத்தன். மற்ற பத்துப் பேருக்கும் எழுதப் படிக்க வராது. இவன் மட்டும் நாற்பத்திரண்டு வயதில், வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்டு மாலை வகுப்புக்குப் போய், சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டான். அதுவரை "ஏய்" என்று கூப்பிட்டவர்கள் "கையெழுத்தண்ணே" என்றார்கள். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. பெருமைக்கும் வரி உண்டு என்று அந்த வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முன்பெல்லாம் சனிக்கிழமையானால் காண்ட்ராக்டர் கூலியைக் கையில் எண்ணிக் கொடுத்துவிடுவார். ஒருநாள், "இனிமே எல்லாம் பேங்க் வழியாத்தான். அப்படிக் குடுத்தா எனக்கு அரசாங்கத்துல சலுகை இருக்கு" என்றார். பதினோரு பேரும் குளித்து முழுகி பேங்குக்குப் போனார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் மிஷினில் விரல் வைக்க வேண்டும். இருபது வருஷம் சிமெண்டில் ஊறிய விரலில் ரேகைக்கு எங்கே போவது? வழித்தெடுத்த சட்டி மாதிரி வழுவழுவென்று இருந்தது. மிஷின் பத்துப் பேரையும் மோந்து பார்த்துவிட்டு, 'பொருந்தவில்லை' என்றது. கையெழுத்து மட்டும் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை ஒரு எழுத்து விடாமல் போட்டான். கணக்குத் திறந்துவிட்டார்கள்.

"அப்ப நல்லதாப் போச்சு. பதினோரு பேர் கூலியையும் உன் கணக்குலயே போட்டுடறேன். நீ எடுத்துப் பிரிச்சுக் குடுத்துடு. எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார் காண்ட்ராக்டர். பெரியவர்களுக்கு மிச்சமாகிற வேலை காற்றில் கரைந்தா போகும்? யாராவது ஒரு சின்னவன் தலையில்தான் வந்து உட்காரும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பணம் வந்து விழும். இவன் எடுத்துக்கொண்டு போய் சிமெண்டு ஷெட்டுக்குப் பின்னால் வைத்துப் பங்கு போடுவான். வாங்கினவர்கள் மடியில் முடிந்துகொண்டு போவார்கள். யாரும் எங்கேயும் எதுவும் எழுதியதில்லை. எழுதத் தெரிந்தால் ஏன் இவனிடம் வருகிறார்கள்? பணம் அவன் கணக்கில் தங்கியதெல்லாம் ஒரு டீ ஆறுகிற நேரம்தான். ஆனால் வருமான வரித்துறை அந்த டீயைச் சூடாகவே பார்த்துவிட்டது. ஒரு வருஷத்தில் பதிமூன்று லட்சம்.

இதெல்லாம் வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தபோதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில்தான் உறைத்தது. அவன் பெண்சாதி வீட்டில் உட்கார்ந்து சட்டைக் காலர் தைக்கிறவள். கூலி காலர் கணக்கு. இரண்டு வருஷமாக இடது கண்ணில் புரை விழுந்து, இப்போது வலது கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. ஊசியில் நூல் கோர்க்க வேண்டுமென்றால் அவன் வரும்வரை காத்திருப்பாள். பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். இலவச வார்டு. அதற்குக் குறைந்த வருமானத்தார் கார்டு வேண்டும். வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் சம்பாதிக்கிறவர்களுக்கு அந்தக் கார்டு உண்டு. அவன் கூலி ஒரு லட்சத்துப் பதினேழாயிரம். அந்த மூவாயிரம் சந்துக்குள்தான் அவர்கள் குடும்பம் ஒண்டிக்கொண்டிருந்தது.

கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்த ஆஸ்பத்திரி கிளார்க் சொன்னார்: "இது நிறுத்தி வெச்சிருக்காங்க. வரி பாக்கின்னு காட்டுது. அங்க போய் சரி பண்ணிக்கிட்டு வாங்க."

"நமக்கு என்னங்க வரி?" என்றாள் பெண்சாதி.

"ஏதோ தப்பா விழுந்திருக்கும். ஒரு எட்டு போய்ச் சொன்னா எடுத்துடப் போறாங்க" என்றான் கையெழுத்து.

வரி அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் 'எளியோர் வரி உதவி மையம்' என்று பெரிய பலகை இருந்தது. பார்த்ததும் அவனுக்கு மனசு குளிர்ந்தது. பலகையில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் கூட்டிப் படித்தான். நமக்கென்றே ஒரு இடம். டோக்கன் வாங்கி, காலையிலிருந்து நின்று, மதியம் கவுண்டரை எட்டினான்.

"எளியவங்களுக்குத்தான் இந்த மையம். நீங்க எளியவர்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் கவுண்டர் அம்மா.

கையெழுத்து தன்னையே ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக்கொண்டான். காலரில் சிமெண்டு. செருப்பில் கம்பி போட்டுக் கட்டிய வார்.

"என்னைப் பாருங்கம்மா."

"ஆளைப் பாக்கறதுக்கெல்லாம் எங்களுக்கு அதிகாரம் கிடையாது. ஸ்கிரீனைத்தான் பாக்கணும்" என்று அந்த அம்மா ஸ்கிரீனைப் பார்த்தார். பார்த்ததும் குரல் மாறியது. "சார், உங்க வருமானம் பதிமூணு லட்சம். நீங்க இந்த வரிசையிலயே நிக்கக்கூடாது. உங்களை மாதிரி பெரிய மனுஷங்க இங்க நின்னா ஏழைங்களுக்கு இடைஞ்சல். மாடிக்குப் போங்க."

பின்னால் நின்றவர்கள் காதில் அது விழுந்துவிட்டது. "பதிமூணு லட்சம் வெச்சுக்கிட்டு நம்ம கூட வந்து டோக்கன் வாங்கறான் பாரு" என்றார் ஒரு பெருக்குகிற அம்மாள். "இப்படி இருந்தாத்தாம்மா பணம் சேரும்" என்றார் அடுத்தவர். கம்பி கட்டிய செருப்பை அவர் மரியாதையோடு பார்த்தார்.

மாடியில் 'மேன்மைமிகு வரிதாரர் அரங்கம்.' உள்ளே குளுகுளுவென்றிருந்தது. உட்கார சோபா. துணி பாழாகிவிடுமே என்று கையெழுத்து அதன் விளிம்பில் கோழி மாதிரி தொற்றி உட்கார்ந்தான். யாரோ கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கிருந்த வரி ஆலோசகர் எழுந்து நின்று கைகுலுக்கினார். அவன் கை உறுத்தியிருக்க வேண்டும். "நல்ல உறுதியான கை சார்" என்று பாராட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"முன்னாடியே வந்திருந்தீங்கன்னா ஒத்தக் காசு கட்டாம பண்ணியிருக்கலாம் சார். இந்தச் சட்டத்தை எழுதினவங்களுக்கு உங்களை மாதிரி ஆளுங்க மேல ரொம்ப அக்கறை. வீட்டுக் கடன் இருக்கா?"

"வாடகை வீடுங்க."

"அடடா. ரெண்டாவது வீடாவது சொந்தமா?"

"மொத வீடே ஒத்த ரூமுங்க."

"தோட்டம், தோப்பு? அதுல நஷ்டம் காட்டலாம். மனைவி பேர்ல கம்பெனி?"

"அவ காலர் தைக்கிறாளுங்க."

"ஆயத்த ஆடை," என்று எழுதிக்கொண்டார் ஆலோசகர். "சரி, வந்த பணத்தையெல்லாம் எதுல போட்டிருக்கீங்க?"

"பதினோரு வயித்துலங்க."

"உணவுத் துறை," என்று அதையும் எழுதிக்கொண்டார்.

கையெழுத்துக்குப் பொறுக்கவில்லை. கேங்க், காண்ட்ராக்டர், பேங்கு, சிமெண்டு ஷெட் எல்லாவற்றையும் அடி முதல் நுனி வரை சொன்னான். ஆலோசகர் பொறுமையாகக் கேட்டார்.

"புரியுது சார். அப்ப அந்தப் பத்துப் பேரும் உங்க ஊழியர்கள்."

"கூட வேலை செய்யறவங்க."

"சம்பளம் குடுக்கறவர் முதலாளி. நீங்க குடுத்தீங்களா இல்லையா?"

"குடுத்தேங்க."

"அப்ப முதலாளி. பத்துப் பேருக்கும் காப்பீடு கட்டியிருக்கணும், ஹெல்மெட் வாங்கிக் குடுத்திருக்கணும். இல்லேன்னா அதுக்குத் தனியா அபராதம்."

"ஐயோ, நான் முதலாளி இல்லைங்க! சும்மாதான் குடுத்தேன்."

"சும்மாவா? அப்ப அது தானம்." ஆலோசகர் முகம் மலர்ந்தது. "தானத்துக்கு விலக்கு உண்டு. வாங்கினவங்க பதிவு பெற்ற தர்ம ஸ்தாபனமா இருக்கணும். அந்தப் பத்துப் பேரும் பதிவு பெற்றவங்களா?"

கையெழுத்து பத்துப் பேரையும் ஒவ்வொருத்தராக மனசில் நிறுத்திப் பார்த்தான். "பெறலீங்க" என்றான்.

மாடி ஏறும்போது கலவைக்காரனாக ஏறியவன், கால்மணி நேரத்தில் முதலாளியாகி, வள்ளலாகி, இரண்டுக்கும் தகுதியில்லாமல் நின்றான். கடைசியாக ஆலோசகர் ஒரு வழி சொன்னார். பத்துப் பேரும் நேரில் வந்து 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒப்புக்கொண்டால் பதிமூன்று லட்சத்தைப் பதினொன்றாகப் பிரித்துவிடலாம். வரியும் இராது, பாக்கியும் இராது.

மறுநாள் சாரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும்போது கையெழுத்து விஷயத்தைச் சொன்னான்.

"வந்து வாங்கினேன்னு சொன்னா எங்க பேரும் அதுல ஏறிடுமேண்ணே" என்றான் மிஷின் ஓட்டுகிறவன். "அப்புறம் எங்களையும் சோபாவுல உக்கார வெச்சுட்டா? எங்கம்மாவுக்கு மாசாமாசம் மாத்திரை அந்தக் கார்டுலதான் வருது."

காண்ட்ராக்டர் அந்தப் பக்கமாக வந்தார். "நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா முடிஞ்சுடும்" என்று கையெழுத்து கெஞ்சினான். "நான் போட்டது உன் கணக்குல. என் கணக்கு சுத்தமா இருக்கு. சுத்தமான கணக்குக்குப் போன மாசந்தான் எனக்குப் பத்திரம் குடுத்தாங்க. அதுல போய் உன் அழுக்கைத் தேய்க்கச் சொல்றியா?" என்றுவிட்டுப் போனார்.

கேங்கிலேயே மூத்தவள் சித்தாள் அக்கா. சட்டி சுமந்து சுமந்து உச்சந்தலை சப்பையானவள். அவள்தான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏண்டா, இவன் பொண்டாட்டிக்குக் கண்ணு போச்சுன்னா, சனிக்கிழமை சனிக்கிழமை இவன் எண்ணிக் குடுத்த காசு நம்ம தொண்டையில எறங்குமா? நாளைக்கு யாரும் வேலைக்குப் போக வேண்டாம். எல்லாரும் போறோம். சோபான்னா சோபா. உக்காந்துதான் பாப்போமே."

போனார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பத்துப் பேரும் இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு போனார்கள். அங்கேயும் ஒரு மிஷின் இருந்தது. பேங்கிலிருந்த மிஷினுக்கு அது பெரியப்பா மகன் மாதிரி இருந்தது. ஒவ்வொருத்தராக விரல் வைத்தார்கள். துடைத்து வைத்தார்கள். எச்சில் தொட்டு வைத்தார்கள். மிஷின் ஓட்டுகிறவன் மற்றொரு மிஷினின் மனசறிந்தவன்போல மெதுவாகத் தட்டிக்கொடுத்து வைத்தான். பத்துப் பேருக்கும் 'பொருந்தவில்லை.'

சரிபார்க்கும் அதிகாரி எழுதினார்: "நேரில் ஆஜரானவர்கள்: எவருமில்லை."

அதைக் கையெழுத்து வாய்விட்டுப் படித்ததும் சித்தாள் அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஐயா, நான் நிக்கறேனே. தெரியலையா?"

"நிக்கறீங்கம்மா. ஆனா இல்லை."

"இல்லேன்னா அப்ப கூலி வாங்கினது யாரு?"

"அதைத்தாம்மா நாங்களும் கேக்கறோம்" என்றார் அதிகாரி. அவர் முகத்தில் கேலியே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார்.

"சரிதான். இல்லாத வயிறு பசிக்குது. வாங்கடா போலாம்" என்றாள் அக்கா.

வாசலில் மரத்தில் குடையைக் கட்டி, அதன் நிழலில் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஊரே அவரைக் குடைக்காரர் என்றது. கையெழுத்து மட்டும் பின்தங்கி வந்ததைப் பார்த்துக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நீ ஏழைன்னு சொல்லிட்டுப் போயிருப்பே. அதான் தப்பு."

"உண்மையைத்தானே சொன்னேன்."

"உண்மைக்குப் பத்துச் சாட்சி கூட்டிட்டு வந்தே. ஒருத்தரும் இல்லேன்னுட்டாங்க. பொய்க்குச் சாட்சியே வேண்டாம், கையெழுத்துப் போதும். இங்க பாரு, உள்ள இருக்கறவங்க சட்டத்தைப் படிச்சவங்க. நான் அவங்களைப் படிச்சவன். ஏழைன்னு சொன்னா நிரூபிக்கணும். நொடிச்சுப்போன பணக்காரன்னு சொல்லு, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அவங்களுக்குன்னே கருணைத் திட்டம் இருக்கு. வர்ற சனிக்கிழமை விழா."

"நான் எப்பங்க பணக்காரனா இருந்தேன்?"

"போன வருஷம். பதிமூணு லட்சம். அவங்களே சொல்றாங்க, நீ ஏன் மறுக்கறே? எல்லாத்தையும் கட்டடத் தொழில்ல விட்டுட்டே. இப்ப கூலி வேலை. வருமானம் ஒண்ணு பதினேழு. எவ்வளவு பொருத்தமா இருக்கு பாரு."

மூன்று நாள் கூலி குடைக்காரருக்குப் போனது. அவர் மளமளவென்று எழுதி நீட்டினார். கையெழுத்து பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். தன் பெயரை முதல்முறை எழுதியபோது வாத்தியார் கைதட்டியது ஞாபகம் வந்தது. நூல் கோர்க்கக் கண் தெரியாமல் ஊசியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் முகமும் வந்தது. போட்டான்.

சனிக்கிழமை காலை கருணை விழா. அரங்கம் நிறைந்திருந்தது. கோட்டுப் போட்ட நொடித்துப்போனவர்கள் காரில் வந்து இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கையெழுத்து அவர்களுக்கு நடுவே விளிம்பில் தொற்றியிருந்தான். பெண்சாதி பின்னால் சுவரோரமாக நின்றாள். தலைமை அதிகாரி எழுந்து, மைக்கை இரண்டு தட்டு தட்டினார்.

"இந்தத் துறைக்கு இதயம் இல்லை என்கிறார்கள். சென்ற ஆண்டு எளியோருக்கு உதவ ஒதுக்கிய தொகை முழுவதையும் நாம் செலவிட்டோம். எதற்கு? எளியோர் யார் என்று கண்டுபிடிக்க. எவரும் கிடைக்கவில்லை. இந்த நாட்டில் ஏழ்மை ஒழிந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?"

முன்வரிசை கைதட்டியது.

"சிலர் கேட்கிறார்கள், பெரிய பாக்கிகளை ஏன் தள்ளுபடி செய்கிறீர்கள் என்று. சின்ன பாக்கிக்காரர் ஓட மாட்டார். ஓடுவதற்கு அவருக்குப் பஸ் கட்டணம் இல்லை. அவரிடம் எப்போது வேண்டுமானாலும் வசூலித்துக்கொள்ளலாம். பெரியவர் ஓடிவிடுவார். அவரிடம்தான் நாம் கருணையோடு நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இது கணக்கு அல்ல, பண்பாடு!" அவர் கையெழுத்தின் பக்கம் கையை நீட்டினார். "இதோ, லட்சங்களில் புரண்டவர். இன்று சிமெண்டுச் சட்டி தூக்குகிறார். அந்தக் கைகளைப் பாருங்கள். வீழ்ச்சியின் வடு!"

எல்லோரும் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருவர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து அந்தக் கைகள் வேறு எதையும் தூக்கியதில்லை என்பதைச் சொல்ல மைக் அவன் பக்கம் வரவில்லை. தங்க நிறச் சட்டம் போட்ட பத்திரத்தைக் கொடுத்தார்கள். 'ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்து முந்நூற்று ஆறு முழுவதும் தள்ளுபடி.' அவனுக்குப் பிரியமான அந்த ஆறையும் விடவில்லை. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தான். அவனுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

பத்திரத்தை இடுக்கிக்கொண்டு, பெண்சாதி கையைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் நடந்தே போனார்கள். கிளார்க் பத்திரத்தைப் பார்த்தார், ஸ்கிரீனைப் பார்த்தார்.

"பாக்கி போயிடுச்சு. நல்லது. ஆனா கார்டு கிடைக்காதே. உங்க வருமானம் ரெண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்துச் சொச்சம் காட்டுது."

"ஒரு லட்சத்துப் பதினேழாயிரந்தாங்க!"

"அது கூலி. அதோட தள்ளுபடி ஆன தொகை சேரும்ல? கட்ட வேண்டியதைக் கட்டாம விட்டாங்கன்னா அது உங்களுக்கு வந்த மாதிரிதானே. இந்த வருஷ வருமானத்துல சேத்துட்டாங்க. விதி அது."

"வரலைங்களே. கையில எதுவும் குடுக்கலையே. இந்தச் சட்டத்தைத்தான் குடுத்தாங்க."

"அடுத்த வருஷம் வாங்க. இப்ப அவசரம்னா கட்டண வார்டு இருக்கு. ஏசி ரூம்," என்றார் கிளார்க், மரியாதையாக. "உங்களை மாதிரி ஆளுங்க அங்கதான் போவாங்க."

கையெழுத்து திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பெண்சாதி அவன் மடியிலிருந்த சட்டத்தை எடுத்து, வலது கண்ணுக்கு ஒட்டினாற்போல வைத்துப் பார்த்தாள்.

"மஞ்சளா மினுமினுன்னு இருக்கு. என்ன போட்டிருக்குங்க?"

"கடன் தீர்ந்துடுச்சுன்னு போட்டிருக்கு."

"ஒண்ணும் பாக்கியில்லையே?"

"ஒண்ணும் பாக்கியில்லை."

"அப்ப ஆபரேஷன்?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தபோது சட்டைப் பையில் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தான். பேங்கிலிருந்து செய்தி. எழுத்துக் கூட்டிப் படித்தான். இந்த வாரக் கூலி, பதினோரு பேருடையதும், அவன் கணக்கில் வரவு.

"யாருங்க?"

"சம்பளம் வந்திருக்கு."

அவன் சொல்லாமல் விட்டதும் சேர்த்து அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். சட்டத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்து அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"ஷெட்டுல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க. வாங்க, போய்ப் பிரிச்சுக் குடுத்துடலாம்" என்றாள். அவன் முழங்கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள். "மேடு பள்ளம் வந்தா மட்டும் சொல்லுங்க."